பழி போர் தண்ணீர் மீது மட்டும்தானா?

சிறுநீரகக் கல் என்றதும் நம் ஊர்களில் பழி முதலில் போர் தண்ணீர் மீதுதான் விழுகிறது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் உடம்புக்குள்ளும் படிகிறது என்பது கணக்கு. ஆனால் பாத்திரத்தில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். போர் தண்ணீர் போன்ற கடின நீர்தான் கல்லுக்குக் காரணம் என்று ஆய்வுகள் உறுதி செய்யவில்லை.

எவ்வளவு குடிக்கிறோம் என்பதே பெரிய கேள்வி. இத்தாலியின் பார்மா நகர மருத்துவர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 2 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதத்தினருக்கே 5 ஆண்டுகளில் மறுபடி கல் வந்தது. மற்றவர்களில் 27 சதவீதம்.

கல் வந்தவர் பாலையும் தயிரையும் நிறுத்துவது இன்னொரு வழக்கம். அதே குழுவின் 2002ஆம் ஆண்டு ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, கால்சியத்தை வழக்கம்போல் உண்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கே பாதிப்பு குறைவு. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்கிறது. உப்போ சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மீது யாரும் சந்தேகப்படுவதில்லை!

மீண்டும் தண்ணீருக்கு வருவோம். நாள் முழுக்க நின்று விற்கும் ஜவுளிக்கடைப் பெண்ணும், பேருந்து நடத்துநரும் தண்ணீரைத் தவிர்ப்பது அறியாமையால் அல்ல, கழிப்பறை இல்லாததால். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று கோடைதோறும் அறிவுறுத்தும் அரசு, பேருந்து நிலையங்களிலும் கடைத்தெருக்களிலும் சுத்தமான கழிப்பறைகளை முதலில் திறந்து வைக்கட்டும்.