பெயர் கேட்டதும் மூடும் கதவு

இராயபுரத்தில் வசிக்கும் என் முன்னாள் மாணவர் ஒருவர், எண்ணூர் ஆலை ஒன்றில் பணிபுரிகிறார். பணியிடத்துக்கு அருகே இருக்கலாம் என்று திருவொற்றியூரில் வாடகைக்கு வீடு தேடினார். வாடகை, முன்பணம் எல்லாம் பேசி முடிந்தது. பெயரைச் சொன்ன பிறகு, 'உறவினர் குடிவருகிறார்' என்ற பதில் வந்தது. நான்கு வீடுகளில் இதே கதை. இன்றும் இராயபுரத்திலிருந்தே பேருந்தில் போய் வருகிறார்.

இதைத் தனிமனித விருப்பம் என்று ஒதுக்கிவிட இயலாது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்கள் பெயரை மட்டும் மாற்றி அனுப்பப்பட்டன. உயர்சாதி இந்துப் பெயருடன் ஒப்பிட்டால், முஸ்லிம் பெயருக்கு அழைப்பு கிடைக்கும் வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. பிரான்ஸில் 2010-இல் வெளியான இத்தகைய ஆய்வும், கிறிஸ்தவப் பெயருக்கு முஸ்லிம் பெயரைவிட 2.5 மடங்கு அழைப்பு வருவதைக் காட்டியது. நாடு வேறு, நோய் ஒன்று.

2020 பிப்ரவரி 14 அன்று, பழைய வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடியோர் மீது தடியடி நடந்தது. பின்னர் பெண்கள் முன்னின்று வாரக்கணக்கில் அமர்ந்தனர். அவர்கள் கேட்டது சமமான குடியுரிமை. கிடைத்ததோ, அடுத்த சில வாரங்களில் நோய் பரப்புவோர் என்ற பட்டம். தில்லி தப்லீக் கூட்டத்தைக் காட்டி ஒரு சமூகமே சந்தேகத்துக்கு உள்ளானது. அக்கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர்கள் பலிகடா ஆக்கப்பட்டனர் என்று, அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு கூறியது. வழக்குகள் ரத்தாயின, சந்தேகம் ரத்தாகவில்லை.

பயங்கரவாத அச்சத்தை இதற்குக் காரணம் காட்டுவோர் உண்டு. ஒருவர் செய்த குற்றத்துக்கு அவர் மதத்தவர் அனைவரையும் பொறுப்பாக்குவது நீதியன்று. 2019-இல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனுக்காக எந்த இனத்தவரிடமும் நாம் வீட்டை மறுப்பதில்லையே!

அரசமைப்பின் 15-ஆவது பிரிவு, கடையிலும் உணவகத்திலும் மதத்தின் பேரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. வாடகை வீட்டின் வாசலுக்கு அது வருவதில்லை. சச்சார் குழு 2006-இல் பரிந்துரைத்த சம வாய்ப்பு ஆணையம் இன்றுவரை அமையவில்லை. வீட்டு வாடகையையும் தனியார் வேலையையும் உள்ளடக்கிய சட்டம் ஒன்றை இயற்றி, தமிழ்நாடு வழிகாட்டலாம். அதுவரை என் மாணவர் பேருந்தில் இழக்கும் நேரம், எந்தக் கணக்கிலும் வராத தண்டவரி.