மரையும் முறையும்

அறிவு தடுமாறியவனை 'மரை கழன்றவன்' என்று ஏசுவது நம் வழக்கம். அந்த மரையை அதற்கு முன் யாரோ அளவு மீறித் திருகியிருப்பார் என்று ஏசுபவர் எண்ணிப் பார்ப்பதில்லை. சென்ற மாதம் அந்த 'யாரோ' நானாக இருந்தேன்.

விக்ரோலி பார்க்சைட்டில் சாலையோரப் பட்டறை ஒன்று. நடத்துபவர் நெல்லைச் சீமையிலிருந்து வந்த அண்ணாச்சி. ஸ்கூட்டர் எஞ்சின் ஒன்றின் வால்வு மூடியை அவர் மாட்டிக்கொண்டிருந்தார். "கடைசி போல்ட்டை நான் முடுக்குகிறேன்" என்று கை நீட்டினேன். பொறியியல் படிக்கிறோம் என்ற மிடுக்கு! நீளக் கைப்பிடி ராட்செட்டை எடுத்து இழுத்தேன். இறுகியது, இன்னும் இழுத்தேன், திடீரென்று இலகுவாகச் சுற்றியது. அலுமினிய மரை அறுந்துவிட்டது.

வண்டி, வீடு வீடாக உணவு கொண்டு கொடுக்கும் தொழிலாளி ஒருவருடையது. புது மரை வெட்டிக் கம்பிச் சுருள் செருகி முடிப்பதற்குள் அவருடைய அன்றைய கூலி போயிற்று.

அண்ணாச்சி வையவில்லை. "தம்பி, சின்ன போல்ட்டுக்குச் சின்ன ஸ்பேனர்தான். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எதுக்குக் குட்டையாச் செஞ்சிருக்கான்னு நினைச்சீங்க?" என்றார்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வேண்டிய முறுக்கு விசை ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். 25 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 4 கிலோ எடைக்குரிய இழுப்பே போதும். நானோ 12 கிலோவுக்குக் குறையாமல் இழுத்திருப்பேன். மூன்று மடங்கு!

அப்படியானால் குட்டை ஸ்பேனரும் பழகிய கையும் போதுமா? 'டார்க் ரெஞ்சு பயந்தவன் கருவி, என் கை சொல்லும்' என்று நகைப்போர் நம் விடுதியிலும் உண்டு. இங்கேதான் நான் அண்ணாச்சியிடமிருந்தும் மாறுபடுகிறேன். கை உணர்வது முறுக்கை மட்டுமே. மூடியைப் பிடித்து வைப்பதோ போல்ட்டின் நீட்சி. ஆம் நண்பர்களே, முடுக்கிய போல்ட் ஒரு வில். அது நீண்டு, மீண்டும் சுருங்கத் துடிக்கும் துடிப்பே பிடிப்பு. நாம் திருகும் முயற்சியில் நூற்றுக்கு ஐம்பது பங்கு தலைக்கடியில் உராய்ந்தும், நாற்பது பங்கு மரையில் உராய்ந்தும் அழிகின்றன. எஞ்சிய பத்துப் பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. அந்தப் பத்திலேயே, '8.8' என்று தலையில் பொறித்த சுண்டுவிரல் போல்ட் ஒன்று சுமார் 850 கிலோ எடைக்குரிய பிடிப்பைத் தருகிறது! மரையில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் அதே முறுக்கில் பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். துருப் பிடித்தால் குறையும். கை இதை எப்படி அறியும்? டார்க் ரெஞ்சும் அளப்பது முறுக்கைத்தான், மறுக்கவில்லை. எனினும் உலர்ந்த மரைக்கா, எண்ணெயிட்ட மரைக்கா என்று கைநூல் சொன்னபடி நடந்தால் அது நாள்தோறும் ஒரே அளவைத் தரும். மாலையில் களைத்த கை தராது.

இதே விக்ரோலியில், கோத்ரெஜ் ஆலையில், விகாஸ் ராக்கெட் எஞ்சின்கள் பல்லாண்டுகள் உருவாயின. அவ்வகை எஞ்சினைச் சோதிக்கும் இடம் அண்ணாச்சியின் சொந்த மாவட்டத்து மகேந்திரகிரி. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3-ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் நடுப்பகுதியில் எரிந்தவை இரண்டு விகாஸ் எஞ்சின்கள். அத்தகைய எஞ்சினில் போல்ட்டின் முறுக்கை அளந்து ஏட்டில் எழுதுவார்கள். யாருடைய கை சொன்னது என்று கேட்கமாட்டார்கள். நிலவுக்குப் போகும் எஞ்சினுக்கு உரிய மதிப்பு, சோற்றுக்கு ஓடும் எஞ்சினுக்கு வேண்டாமா?

குறை அண்ணாச்சியுடையது அன்று. நல்ல ரெஞ்சுக்குச் சில ஆயிரம் ரூபாய் வேண்டும். அளவுகளைச் சொல்லும் கைநூலோ ஆங்கிலத்தில் இருக்கிறது. நம் மன்றம் ஆண்டுதோறும் மேடைக்கும் மாலைக்கும் செலவிடுகிறதே, அதில் ஒரு பகுதியில் 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் ரெஞ்சு ஒன்று வாங்கிப் பட்டறைகளுக்கு இரவல் கொடுத்தால் என்ன? ஓடும் ஸ்கூட்டர்களின் போல்ட் அளவுகளைக் கைநூல்களிலிருந்து எடுத்துத் தமிழில் ஓர் அட்டையில் எழுத நான்கு மாலைகள் போதாவா? எழுத நான் அணியம். அண்ணாச்சியும் சுவரில் ஆணிக்கு இடம் காட்டிவிட்டார்.