மின்னும் குடமும் மறைந்திருக்கும் கிருமியும்

சுத்தம் சோறு போடும் என்பது பழமொழி. கார்த்திகைத் தீபம் நெருங்கிவிட்டால் நம் திருவண்ணாமலையில் வீட்டுக்கு வீடு பித்தளை விளக்குகளும் குடங்களும் புளியிட்டுத் துலக்கப்படுவதைக் காணலாம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைத்துவிட, பாத்திரங்கள் பொன்போல் மின்னுகின்றன. ஆனால், மின்னும் குடத்து நீரெல்லாம் நோயற்ற நீர் ஆகுமா? ஆகாது என்பதே என் கருத்து.

ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1884-ஆம் ஆண்டு கல்கத்தாவில் குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டறிந்தார். இன்று குளோரின் கலந்த குழாய் நீர் பல ஊர்களுக்கும் வருகிறது. எனினும், தூய நீரும் வீட்டுக்குள் வந்தபின் கெட்டுவிடுவது உண்டு. குடத்தில் டம்ளரை விட்டு நீர் மொள்கிறோம். டம்ளரோடு விரல்களும் நனைகின்றன. ஒருவர் கையிலுள்ள கிருமி குடும்பம் முழுவதற்கும் பரிமாறப்படுகிறது! கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் நடத்தப்பட்டு 1986-இல் வெளியான ஆய்வொன்று இதற்குச் சான்று. கை நுழையாத குறுகிய கழுத்துடைய கூஜாவில் நீர் வைத்திருந்த வீடுகளில் காலராத் தொற்று வெகுவாகக் குறைந்தது.

டெங்குவின் கதையும் இத்தகையதே. ஏடிஸ் கொசு, தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடுகிறது. நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. அம்முட்டைகள் நீரின்றியும் பல மாதங்கள் தாங்கும்; மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே போதும். ஆகவே, வாரம் ஒருமுறை உட்சுவரை அழுந்தத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிடுவது இன்றியமையாதது. குடத்துக்கு ஒரு மூடி, நீர் மொள்ள நீண்ட காம்புடைய ஒரு கரண்டி — இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

ஆனால் தேய்ப்பவர் யார்? பெரும்பாலும் தாய்மார்களே. பள்ளி செல்லாத என் தாய்க்கு ஏடிஸ் என்ற பெயர் தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த எனக்குத் தெரியும். தெரிந்தவன் தேய்ப்பதுதானே நியாயம்? ஞாயிறுதோறும் எங்கள் தொட்டியைத் தேய்ப்பது என் வேலை. ஆண்பிள்ளைக்கு இது அழகா என்று கேட்போரும் உண்டு. தம்பி தங்கையர் காய்ச்சலின்றிப் பள்ளி செல்வதைவிட வேறு அழகு எது?

மாணவ நண்பர்களே! கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியை ஏட்டில் வண்ணம் தீட்டி வரைந்தால் மதிப்பெண் கிடைக்கும். வீட்டுத் தொட்டியில் அச்சுழற்சியை அறுத்தால்தான் கற்ற கல்வி பயன் தரும்.