ஒரு வழக்கு, பல சட்டங்கள்

சட்டம் படிக்கும் நம் முத்துக்குளித்துறைப் பிள்ளைகளுக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: ஏதாவது ஒரு பிரிவைப் பிடித்துக்கொள், அதில் வல்லுநராகு. சர்வதேசச் சட்டத்திலும் கடல் சட்டம், மனித உரிமை, வணிகம், சுற்றுச்சூழல் எனத் தனித்தனிப் பிரிவுகள் வளர்ந்துவிட்டன. ஆழ்ந்த படிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மீனவரின் வழக்கு ஒரு பிரிவுக்குள் அடங்கி வருகிறதா?

2012 பிப்ரவரி 15 அன்று நடந்ததை நினைத்துப் பார்ப்போம். கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 20 கடல் மைல் தொலைவில், புனித அந்தோனியார் பெயர் தாங்கிய படகில் இரண்டு மீனவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் நம் குமரி மாவட்டத்துக்காரர். 'என்ரிகா லெக்ஸி' என்ற எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் இருவர்மீது வழக்குப் பதிவானது. கடற்கொள்ளையர் என்று நினைத்தோம் என்பது அவர்கள் தரப்பு வாதம்.

நமது ஆட்சிக்கடல் 12 கடல் மைலோடு முடிகிறது. ஆகவே கடல் சட்டம் வந்தது. கொலை என்பதால் நம் தண்டனைச் சட்டமும் வந்தது. இதை விசாரிக்கும் அதிகாரம் கேரள மாநிலத்துக்கு இல்லை, மத்திய அரசுக்கே உண்டு என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சுட்டவர்கள் ஓர் அரசின் பணியாளர்கள் என்பதால், வேற்று நாட்டு நீதிமன்றத்தில் அவர்களுக்கு விலக்குரிமை உண்டா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

முடிவைத் தீர்மானித்தது இந்தக் கடைசிக் கேள்விதான். 1982-ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கையின்கீழ் அமைந்த ஐவர் நடுவர் மன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. அந்த வீரர்களின் விலக்குரிமைக்கு உடன்படிக்கையில் விடை இல்லை. ஆனாலும் அதைத் தீர்க்காமல் வழக்கைத் தீர்க்க முடியாது என்று கண்ட மன்றம், வெளியே உள்ள வழக்காற்றுச் சட்டத்தைப் பார்த்து, விலக்குரிமை உண்டு என 3-2 என்ற கணக்கில் முடிவு செய்தது. இந்தியாவில் அவர்களை விசாரிக்க முடியாமல் போயிற்று. இந்தியாவின் கடற்பயண உரிமையை இத்தாலி மீறியது, இழப்பீடு தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 10 கோடி ரூபாய் வந்தபின் 2021-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. (உயிருக்கு இதுதான் விலையா என்று நாமும் கேட்கத்தான் செய்கிறோம்.) கடல் சட்டத்தை மட்டும் கரைத்துக் குடித்தவர் இந்த வழக்கில் பாதி வழியிலேயே நின்றிருப்பார்.

நம் பக்கத்துக்கு வருவோம். இலங்கைக் கடற்படை பிடித்துச்செல்லும் தூத்துக்குடி, இராமேஸ்வரம் மீனவர்களுக்காகப் பேசுகிறவர் 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்களை அறிந்திருக்க வேண்டும். சிறையில் இருப்பவரைத் தூதரக அலுவலர் சந்திக்கும் உரிமை 1963 வியன்னா உடன்படிக்கையில் இருக்கிறது. கடலடியை வாரிச்செல்லும் இழுவலைக்கு 2017 முதல் இலங்கையில் சட்டத்தடை உள்ளது. அதைப் படிக்காமல் வாதாடப் போகிறவருக்கு, வலை அறுபட்டு நிற்கும் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவரின் நியாயமும் தெரியாமல் போகும்.