உயிலின் கடைசி வரி

இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆவது பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. சென்னை, மும்பை, கொல்கத்தாவில் உயிலை வைத்து உரிமை கோர இனி புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று, கட்டாயமில்லை. வாரிசுகளுக்கு அலைச்சல் மிச்சம் என்று ஆளாளுக்கு வரவேற்றார்கள். அதே உயிலில் ஒரு பள்ளிக்கோ அன்னதானத்துக்கோ எழுதிவைத்த பங்கு என்ன ஆகும் என்று கேட்டவர்கள் சொற்பம். பயனடையப்போகும் ஏழைப் பிள்ளைக்குத் தன் பெயரில் ஒரு பங்கு இருப்பதே தெரியாது. தெரியாதவருக்காகப் பேசவும் ஆளில்லை.

சாதாரணமாக ஓர் உயில் எப்படி இருக்கும்? வீடு மூத்தவனுக்கு, கடை இளையவனுக்கு, நகை மகளுக்கு. கடைசிப் பக்கத்தில், இரு சாட்சிகளின் கையெழுத்துக்குச் சற்று மேலே, படித்த பள்ளிக்கு ஐந்து லட்சம் என்று ஒரு வரி. பழைய முறையில், மூத்தவன் அந்த உயிலின்படி வீட்டுக்கு உரிமை கோரி வழக்காட வேண்டுமென்றால் முழு உயிலும் நீதிமன்றம் ஏறியாக வேண்டும். தனக்கு வேண்டிய பத்தியை மட்டும் கிழித்துக் கொடுக்க முடியாது. புரொபேட் பெற்றவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும் ஓராண்டுக்குள் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 317ஆவது பிரிவு. புரொபேட்டே வாங்காதவரிடம் எந்தக் கணக்கைக் கேட்பது? உயில் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்க, வாரிசுச் சான்றிதழும் பாகப்பிரிவினைப் பத்திரமும் வைத்தே காரியம் முடிந்துவிடும். உயிலையே மறைக்கத் துணிந்தவரைப் பழைய சட்டமும் தடுக்கவில்லை, உண்மை. ஆனால் பாதி யோக்கியரை அது முழு யோக்கியராக நடக்க வைத்தது.

தர்ம வரிக்குக் கண்காணிப்பு வேண்டும் என்பதற்குப் பச்சையப்ப முதலியாரின் உயிலைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1794 மார்ச் 22 அன்று கும்பகோணத்தில் எழுதினார். பத்து நாளுக்குள் காலமானார். கோயில் தர்மங்களுக்கென்று அவர் ஒதுக்கிய பணம் பொறுப்பேற்றவர்களின் கையிலும் வழக்குகளிலும் சிக்கிக்கொண்டது. அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட்டில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் விடாமல் முயன்ற பிறகே அது மீண்டது. வட்டியோடு பெருகியிருந்த தொகையில், கோயில் கட்டளைகள் போக மிஞ்சிய நாலரை லட்சம் ரூபாய் கல்விக்குத் திருப்பப்பட்டது. 1842இல் பள்ளி திறந்தது. அதுவே பின்னாளில் அண்ணா படித்த பச்சையப்பன் கல்லூரி. உயில் எழுதியவர் கண்மூடி 48 ஆண்டுகள்! நடுவே இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் எழுத்தறியாமலே வளர்ந்து முடிந்தார்கள். நீதிமன்றத்தின் கண்ணில் பட்ட உயிலுக்கே இந்தக் கதி. யார் கண்ணிலும் படாத உயிலுக்கு எந்த நார்ட்டன் வருவார்?

மூன்று நகரங்களுக்கு மட்டும், அதுவும் சில மதத்தவருக்கு மட்டும் ஒரு சட்டம் இருந்தது பாரபட்சம் என்கிறார்கள். பாரபட்சம்தான். அதற்கு மருந்து எல்லோருக்கும் விரிப்பதா, எல்லோரிடமிருந்தும் பிடுங்குவதா? மதுரையிலும் திருச்சியிலும் புரொபேட் இல்லாமலே காலம் ஓடவில்லையா என்பது இன்னொரு வாதம். அங்கே எத்தனை தர்ம வரிகள் பீரோவிலேயே மக்கின என்று எண்ணிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? தாமதமும் செலவும் என்றால் நீதிபதிகளைக் கூட்டுங்கள், கட்டணத்தைக் குறையுங்கள். பெற்ற பிள்ளை இருக்க ஊருக்கு எதற்கு என்பாரும் உண்டு. அந்தச் சந்தேகத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்ததுதான் இதே சட்டத்தின் 118ஆவது பிரிவு. நெருங்கிய உறவு உள்ள கிறிஸ்தவர் தர்மத்துக்கு எழுதினால், எழுதிய பின் 12 மாதமாவது உயிரோடு இருந்தாக வேண்டும் என்றது அது! பச்சையப்பரை அந்த அளவுகோலில் நிறுத்தியிருந்தால் கல்லூரியே இல்லை. 2003இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. தீர்ந்துபோன வாதத்தை மறுபடி தூசுதட்ட வேண்டாம்.

தர்மத்துக்கு ஒரு ரூபாய் எழுதியிருந்தாலும் சரி, எந்த மதமானாலும் எந்த ஊரானாலும் சரி, அந்த உயிலுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் புரொபேட் கட்டாயமாக வேண்டும். கட்டணம் ஒரு காசு கூடாது. நகல் ஒன்று பயனடையும் நிறுவனத்துக்கும், ஒன்று அட்வகேட் ஜெனரலுக்கும் போக வேண்டும். பொது அறக்கட்டளைகளுக்காக வழக்குத் தொடரும் அதிகாரத்தை சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92ஆவது பிரிவு இன்றும் அவருக்குத் தருகிறது. இதைச் செய்யாவிட்டால் இன்னும் பத்தே ஆண்டுகளில் உயிலில் தர்மம் எழுதும் வழக்கமே இந்த நாட்டில் அற்றுப்போகும்.