ஒண்ட வந்த ரோபோ

"ரோபோ வந்தால் சமையல்காரரின் சுமை குறையும்" என்கிறார்கள். நடந்ததைப் பார்ப்போமா?

2018 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் பசடீனா நகரில், கேலிபர்கர் கடைக்கு 'ஃப்ளிப்பி' என்ற ரோபோ கை வந்தது. அடுப்பில் வேகும் பர்கர் இறைச்சியைக் கேமராவால் பார்த்து, சரியான நேரத்தில் திருப்பிப் போடும். சீஸ் வைப்பதும், பன்னுக்குள் அடுக்குவதும் மனிதர்கள் வேலை. சில நாட்களிலேயே ஃப்ளிப்பியை நிறுத்தி வைத்தார்கள். ஏன் தெரியுமா? கூட நின்றவர்களால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லையாம். அவர்களுக்கு இன்னும் பயிற்சி தேவையாம்!

பதம் பார்த்துத் திருப்புவதுதானே சமையல்காரரின் கைப்பக்குவம்? அதை எந்திரம் எடுத்துக்கொண்டது. மிச்சமிருக்கும் எடுபிடி வேலை மனிதனுக்கு, அதுவும் எந்திரத்தின் வேகத்தில். இதற்குப் பெயர் சுமை குறைப்பா?

எந்திரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2020இல் ஒயிட் காசில் கடையொன்றில் இதே ஃப்ளிப்பியைப் பொரிக்கும் வேலைக்கு வைத்துப் பார்த்தார்கள். கொதிக்கும் எண்ணெய் முன்னால் எந்திரமே நிற்கட்டும், சந்தோஷம். ஆனால் எந்த வேலை அதற்கு, எவ்வளவு வேகம் என்பதை அடுப்படியில் நிற்பவரையும் கேட்டு முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்!