மல்லிக்கு மருந்தடிக்கலாமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசக்காட்டில் யார் வீட்டில் சாப்பாடு செரிக்காமல் குமட்டினாலும் முதலில் அடுப்பில் ஏறுவது சுக்குமல்லித் தண்ணிதான். சுக்கு நமக்கு வெளியூர்ச் சரக்கு. மல்லி நம்ம காட்டு விளைச்சல். ஐப்பசி மழைக்கு, விதையை இரண்டாக உடைத்துப் போட்டால், தண்ணி பாய்ச்சாமலே பனி ஈரத்தில் வளர்ந்து தை, மாசியில் வீடு வந்து சேரும்.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: மல்லி எண்ணெயில் பெரும்பங்கு லினலூல். நம்ம நாட்டு மல்லியில் எண்ணெயே நூற்றுக்கு அரைப் பங்குக்குள்தான். மல்லியின் மணமும் குணமும் அந்தத் துளியில்தான். இஞ்சியின் காரம் ஜிஞ்சரால். காய்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறும். கர்ப்பிணிகளின் குமட்டலுக்கு இஞ்சி ஓரளவு கேட்கிறது என்று மருத்துவ ஆய்வுகளும் சொல்கின்றன. ஓமத்தின் நெடி தைமால்.

இப்படி வயிற்றுக்குக் கொடுக்கிற பண்டத்தில், பூவெடுக்கிற நேரம் அசுவினி விழுந்துவிட்டது என்று கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்து அடிக்கிறார்கள். அதற்குப் பெயரும் மருந்து! 30 வருஷம் வங்கியில் பயிர்க்கடன் கொடுத்தவன் நான். விண்ணப்பத்தில் 'பூச்சி மருந்து' என்றுதான் இருக்கும். விஷம் என்று எழுதினால் யார் வாங்குவார்? பூவில் தெளித்தால் தேனீ சாகும், காய்ப்பும் குறையும். 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல், அதுவும் தேனீ அடங்கின சாயங்காலம், என் மூன்று ஏக்கருக்குப் போதுமாக இருக்கிறது. கமிஷன் கடையில் இதற்குத் தனி விலை கிடையாதுதான். சிலர் வீட்டுக்கு மட்டும் ஒரு மூலையை அடிக்காமல் விடுகிறார்கள். அப்போ தெரிந்தேதானே மிச்சத்தை விற்கிறார்கள்?

இன்னொன்று. பழசு என்றாலே நல்லது என்று நம்ம ஆட்களே பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை வயிற்றுக்கு வசம்பை உரைத்துப் புகட்டுகிறார்கள். அதில் பீட்டா அசரோன் இருக்கிறது. எலிகளுக்குப் புற்று உண்டாக்கியதால் 1968லேயே அமெரிக்கா உணவில் வசம்பைத் தடை செய்துவிட்டது. நம்ம வீட்டிலும் புகட்டுவதை விட்டுவிடலாம். வெளிநாட்டுச் சந்தையில் திருநெல்வேலி பெயரால் விற்கிற நிலாவாரை மலச்சிக்கலுக்கு நல்லது. பேதியாகிறவனுக்குக் கொடுத்தால் கேடு.

பச்சைப்பிள்ளை வாந்தியும் பேதியுமாகக் கிடந்தால் மல்லித் தண்ணியை நம்பி உட்காராதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இலவசம். ஒன்றிரண்டு வீட்டில் இருக்கட்டும். கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டே டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.